மூன்று மில்லி

யாரும் நகரவில்லை. குண்டு நகர்ந்தது.

தராசக்கா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். வயது நாற்பத்தெட்டு, மூக்குக்கண்ணாடி மாற்றி மூன்று வருஷம் ஆகிறது, விடிந்ததிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் ஒரு முக்காலியில் குந்திக்கொண்டு ஒரே கம்பியை முறைத்துக்கொண்டிருக்கிறாள்; கண் பூத்துப்போகாமல் என்ன செய்யும்? கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். மேல்தளத்து உத்தரத்திலிருந்து நாலு மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் மெல்லிய கம்பி, அதன் நுனியில் இரும்புக் குண்டு, குண்டு ஆடாமல் இருக்க அதை முக்கி வைத்த எண்ணெய்த் தொட்டி, தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு மரச்சட்டம், சட்டத்தில் அவள் கூர்மையாகச் சீவிய பென்சிலால் போட்ட கோடு. கம்பி அந்தக் கோட்டில் இல்லை. வலப்பக்கமாக மூன்று மில்லி தள்ளி நின்றது.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"மேஸ்திரி, மேல யாராவது அசைஞ்சீங்களா?"

"இல்லக்கா. சாக்பீஸ் வட்டத்துக்குள்ளயேதான் நிக்கிறோம். மூக்கு அரிக்குது, அதைக்கூடச் சொறியல."

"தரகர் சார்?"

"அவர் சோபாவுல ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்கார். தூங்கிட்டார்னு நினைக்கிறேன், குறட்டை வருது."

"சரி. அப்படியே நில்லுங்க."

வாக்கியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கம்பி கோட்டுக்கே வந்திருந்தது, எதுவும் நடக்காததுபோல.

கப்பல் விற்பனைக்கு வந்தால் அது எவ்வளவு கனம், அந்தக் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சாய்வுச் சோதனை. காற்று புகாமல் கதவடைத்த, கூரை போட்ட கப்பல் துறை, சலனமில்லாத தண்ணீர், தளர்த்திவிட்ட கயிறுகள், எடுத்துவிட்ட ஏணிப்பலகை. மேல்தளத்தில் நான்கு இரும்புக் கட்டிகள். ஒவ்வொன்றையும் கிரேன் இடமிருந்து வலமாக மாற்றி வைக்கும், கப்பல் துளியூண்டு சாயும், அந்தச் சாய்வைக் கம்பி சொல்லும். கப்பலில் இருப்பவர்களின் எடையையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதிய இடத்தை விட்டு எவனும் அசையக் கூடாது. அறுபது மீட்டர் நீளம், தொள்ளாயிரம் டன் கனம் உள்ள இந்த உல்லாசக் கப்பலில் ஒரே ஒருத்தன் எழுந்து எதிர்ப்பக்கம் போனாலும் கம்பி காட்டிக்கொடுத்துவிடும். கட்டியை மாற்றினால் கம்பி சடாரென்று போகும். ஆள் நடந்தால் அப்படியில்லை. மெதுவாக, நடக்கிற வேகத்துக்குத் தகுந்தபடி ஊர்ந்து போகும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்தலைப் பார்த்தவள் அவள். மேலே யார் திருட்டுத்தனமாகப் பீடி பிடிக்கப் போனான் என்பதைக் கீழே இருந்தே சொல்லி மானத்தை வாங்கியிருக்கிறாள். தராசக்கா என்ற பேர் சும்மா வரவில்லை.

இன்று கப்பலில் ஐந்து பேர். அவள், மேஸ்திரி, கட்டி மாற்றும் இரண்டு ஆட்கள், தூங்கும் தரகர். ஐந்து பேரையும் அவள் கையெழுத்தில் எழுதிக் கூட்டல் போட்டாயிற்று.

இரண்டாவது கட்டியைத் தூக்கக் கிரேன்காரர் இருபது நிமிஷம் கேட்டார். கால் மரத்துப்போயிருந்தது. தொட்டியின் எண்ணெய் வாசனை, புது வார்னிஷ், சோபாக்களின் பதப்படுத்திய தோல், அதற்கெல்லாம் அடியில் யாரோ வருஷக்கணக்காக அடித்துத் தீர்த்த வாசனைத் திரவியத்தின் திகட்டல். மடியில் தரகர் கொடுத்த வழவழப்பான விற்பனைப் புத்தகம் இருந்தது. கப்பலின் வடிவமைப்பு, கைமாறிய வரலாறு என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். புரட்டினாள்.

முதல் உரிமையாளர் சிமென்ட் முதலாளி. நான்கு வருஷம் வரைபடம் போட வைத்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது. காபி வேண்டும், கொண்டுவருகிறவன் முகம் வேண்டாம். அதனால் சுவருக்குள் சுவர் வைத்து, அரை மீட்டர் அகலத்தில், கப்பல் முழுக்க ஒரு மறைவழி ஓடியது. ஆட்கள் அதற்குள் ஒருக்களித்து நடந்து, ஒரு சின்னக் கதவு வழியாகத் தட்டை நீட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். புத்தகம் இதை 'மாயச் சேவை' என்று மெச்சிக்கொண்டது.

இரண்டாமவருக்கு அது பிடிக்கவில்லை. சுவருக்குள் ஆள் நடமாடுவதா என்று அவர் மனைவி பயந்தாராம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே துறையில் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, மறைவழியைத் துண்டு துண்டாக இடித்து எடுத்தார். பெரிய படுக்கையறைக்குப் பின்னால் கப்பலின் குறுக்கே போகும் பகுதியை மட்டும் இடிக்க முடியவில்லை. இரண்டு முனையையும் மூடிவிட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் விற்றார். புத்தகத்தில் காரணம், 'குடும்பச் சூழல்'. மூன்றாமவர் இரண்டு வருஷம் வைத்திருந்தார், 'தொழில் விரிவாக்கம்'. நான்காமவர் மற்ற எல்லாக் காலமும் வைத்திருந்தார், ஆனால் ஒரு தடவைக்கு மேல் ஏறவே இல்லை, 'வேறு ஆர்வங்கள்'. ஒவ்வொருத்தரும் கப்பலுக்குப் புதுப் பேர் வைத்தார்கள். பழைய எழுத்துகளைச் சுரண்டி எடுத்து மேலே சாயம் அடித்திருந்தாலும், பின்பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் மூன்று பழைய பேர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

புத்தகம் சொல்லாததை மேஸ்திரி காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் இந்தத் துறைக்கு வந்து நாலு வருஷம்தான், ஆனால் ஊர் வம்பெல்லாம் அத்துப்படி. "ரெண்டாவது ஆளு அந்த ரூம்ல மூணு தடவை கார்ப்பெட் மாத்தினாராம்க்கா. எலி செத்துப் போச்சுன்னு நினைச்சு. மூணாவது ஆளோட அம்மா, தலைமாட்டுல யாரோ நடக்கிறாங்கன்னு ஒரே அழுகை. பைப்புல தண்ணி ஓடுதுன்னு சமாதானம் சொன்னாங்க. நாலாவது ஆளு ஒரு ராத்திரி படுத்தாரு. அதோட சரி."

"காசு இருந்தா தூக்கம் வராது மேஸ்திரி" என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, சிரித்தாளோ என்னவோ, முகத்துக்குத் தகவல் போகவில்லை.

மூன்றாவது கட்டி மாறியது. கம்பி சடாரென்று போய் நின்றது. கோடு போட்டாள். பென்சிலை எடுத்ததுதான் தாமதம், கம்பி மறுபடி ஊர்ந்தது.

இந்த முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இடமிருந்து வலமாகப் பதினான்கு விநாடி. பாதியில் ஒரு சின்னத் தயக்கம், வழியில் எதையோ சுற்றிப் போவதுபோல. பிறகு நின்றது. ஐம்பது விநாடி. பிறகு வலமிருந்து இடமாகப் பதினான்கு. நின்றது. மறுபடி.

கேட்டுப் பார்த்தாள். குறட்டை கேட்டது. தண்ணீர் அடிப்பாகத்தை நக்கும் ஓசை கேட்டது. காலடி ஓசை மட்டும் இல்லை.

எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் கணக்குப் போடவில்லை. கை பழக்கம், போட்டது. சாய்வு தெரியும், கப்பலின் கனம் தெரியும். நடந்த தூரம் தெரிந்தால் ஆளின் எடை வந்துவிடும். குறுக்கே அவ்வளவு தூரம் தடையில்லாமல் நடக்கக்கூடிய இடம் இந்தக் கப்பலில் ஒன்றுதான், படுக்கையறைக்குப் பின்னால். ஒன்பது மீட்டர் இருபது. நடுவில் லிஃப்ட் கூண்டைச் சுற்றி ஒரு வளைவு.

விடை அறுபத்தெட்டு கிலோ என்று வந்தது.

அந்த எண்ணை அவள் பல வருஷம் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு சோதனையிலும், ஆட்கள் பட்டியலில், தன் பேருக்கு அடுத்த வரியில். பஞ்சு, அறுபத்தெட்டு.

பஞ்சு அவள் புருஷன். கப்பல் சுவர்களுக்குள் கண்ணாடிப் பஞ்சு திணித்துச் சத்தத்தை அடக்குவது அவன் தொழில். தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும், வீட்டுக்கு வந்தால் தலையணையெல்லாம் அரிக்கும். கல்யாணத்தன்று துறைக்காரர்கள் பஞ்சைத் தராசில் வைத்தால் முள் எங்கே நகரும் என்று ஓட்டி எடுத்தார்கள். தன் வேலையில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். "என் சுவத்துக்குள்ள ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய ஈ பறக்கிற சத்தம்கூட வராது தராசு" என்பான்.

மூடிய இடத்துக்குள் போகிற எவனும் தன் பித்தளை டோக்கனை வாசலில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். துறையின் சட்டம் அது. கொக்கி காலியாக இருந்தால்தான் பலகையை அடிக்கலாம். பஞ்சுவின் டோக்கன் எண் முப்பத்தொன்று. வாரத்துக்கு இரண்டு நாள் அதை எடுக்க மறந்துவிட்டு வந்துவிடுவான். அவள்தான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், "இந்தாங்க, உங்க உசிரு" என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் சண்டை. அவனுக்கு வெளிநாட்டுக் கப்பல் துறையில் வேலைக்குப் போக ஆசை, அவளுக்கு அவன் அம்மாவைத் தனியாக விட மனசில்லை. "நான் ஒரு நாள் கப்பல் ஏறிப் போயிடறேன் பாரு, அப்பத்தான் தெரியும் உனக்கு" என்றான். காலையில் பேசிக்கொள்ளாமலே இருவரும் வேலைக்கு வந்தார்கள். சாயங்காலம் கப்பலை இழுத்துப் போகப் படகு வந்து நின்றது, சுவரை மூடலாம் என்று எழுதித் தரும் மூடுதாளில் கையெழுத்துக் கேட்டு எல்லாரும் அவளை அவசரப்படுத்தினார்கள். படுக்கையறை வாசல் கொக்கியில் ஒரே ஒரு டோக்கன். முப்பத்தொன்று. மறுபடி மறந்துவிட்டான் என்று நினைத்தாள். கோபத்தோடு வெடுக்கென்று எடுத்துப் பையில் போட்டாள். உள்ளே குனிந்துகூடப் பார்க்கவில்லை. 'உள்ளே யாரும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. திங்கட்கிழமை பையில் கை விட்டபோது டோக்கன் விரலில் தட்டுப்பட்டது. கப்பல் அதற்குள் வேறு ஊர்த் துறைக்குப் போய், இயந்திரம் வருவதற்காக ஆளில்லாமல் இரண்டு மாசம் கட்டிக்கிடந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மையாகிவிடும். கப்பல் ஏறிப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது, அவளும் தலையாட்டினாள். அன்றைக்கு உடம்புக்குள் எதுவோ அணைந்தது. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசிகூடச் சரியாக வரவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அத்தை, அவன் அம்மா, கதவைத் திறந்துகொண்டே கேட்பார்: "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" "இல்ல அத்தை" என்பாள். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். பதினொரு வருஷமாக அதே கேள்வி, அதே பதில், இரண்டே தட்டு.

வெள்ளிக்கிழமை இந்த வேலை கைக்கு வந்தபோது கப்பலின் பேரும் நிறமும் மாறியிருந்தன. படிக்கட்டு உத்தரத்தில் கம்பி மாட்டும் வளையத்தைப் பார்த்துத்தான் கண்டுகொண்டாள், அது அவளே அளவு சொல்லிப் பற்றவைத்த வளையம். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

கம்பி இடப்பக்கம் போய் நின்றது. அங்கேயே நின்றது. ஐம்பது விநாடி கடந்தது, இரண்டு நிமிஷம் கடந்தது. திரும்பவில்லை. அவள் முக்காலி இருந்ததும் இடப்பக்கம்தான். எழுந்து மெதுவாக வலப்பக்கக் கைப்பிடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் எடை ஐம்பத்தெட்டு. கம்பி இரண்டரை மில்லிதான் வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். ஐந்தரை நகர்ந்திருந்தது.

அவள் நடந்தபோது அதுவும் கூடவே நடந்திருக்கிறது.

"முடிஞ்சுதா மேடம்?" நாலாவது கட்டியும் மாறி முடிந்ததும் தரகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "மூணு மணிக்குத் தண்ணி ஏறும்போது கப்பல் கெளம்பணும். வாங்குறவர் காத்திட்டிருக்கார். இதுலயெல்லாம் ஒரேயடியா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க." ஐந்தாறு தாள்களை நீட்டினார். மூன்றாவது தாள் மூடுதாள். வாங்குகிறவருக்குப் படுக்கையறையில் சுவர் அகலத்துக்கு டிவி வேண்டுமாம். வயர் இழுக்க அலமாரிக்கு அடியில் ஒரு சதுரத் துளை வெட்டியிருந்தார்கள். இன்றைக்கு அதை மூட வேண்டும். எல்லாத் துறையிலும் இதை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். 'உள்ளே யாரும் இல்லை.'

அவள் அந்த வரியைப் படித்தாள். பேனா நின்றது. பிறகு கை தானாகப் போட்டது.

ஏணிப்பலகையை மறுபடி போட்டார்கள். "அக்கா, சாப்பிட வரலையா?" என்றார் மேஸ்திரி.

"நீங்க போங்க. இன்னும் ரெண்டு வரி எழுதணும்."

"நாங்க வந்துதான் அந்தத் துளைய மூடணும். லேட்டானா தரகர் என் தோலை உரிச்சிடுவாரு."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

முதலில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், டோக்கனை எடுத்தது, கையெழுத்துப் போட்டது, திங்கட்கிழமையே தெரிந்தது, எல்லாவற்றையும். வேலை போனால் போகட்டும், பிடித்துக்கொண்டு போனால் போகட்டும். இன்றைக்குச் சாயங்காலம் அத்தை கதவைத் திறக்கும்போது வேறு பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வாக்கியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். போன் காலையிலேயே வாசல் பெட்டியில் போயிருந்தது. முதலாளிமார் கப்பலில் யாரும் போனோடு ஏறக் கூடாது. டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

படுக்கையறை அலமாரியின் கதவு திறந்திருந்தது. அடியில் துளை, ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவு. பக்கத்தில் கொக்கி. தன் டோக்கனைக் கழுத்திலிருந்து கழற்றி மாட்டினாள். பையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். பித்தளை கறுத்திருந்தது, எண் மட்டும் அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு மின்னியது. அதையும் மாட்டினாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அது இருக்க வேண்டிய இடம் அதுதானே.

உள்ளே நுழைந்ததும் உலகத்தின் சத்தம் யாரோ கையால் பொத்தியதுபோல் நின்றது. தன் மூச்சு கேட்டது, மூச்சுக்கு எதிரொலி இல்லை. மூக்கில் பஞ்சுத் தூள், காய்ந்த கசப்பு, அதற்கும் கீழே பழைய தோல்செருப்புப் பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாசனை. எழுந்து ஒருக்களித்து நின்றாள். முன்னும் பின்னும் மஞ்சள் பஞ்சு, மார்பையும் முதுகையும் உரசியது. வயர்காரர்கள் துளைக்கு நேர் மேலே ஒரு ஓட்டை போட்டு வயரை ஏற்றிவிட்டார்கள். அதற்கு அப்பால் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

தரையில் டார்ச்சை அடித்தாள்.

பஞ்சுத் தூள் கணுக்கால் உயரத்துக்கு உதிர்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் தூள் இல்லை. ஒரு கால் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தேய்ந்து, ஒரு தடமாக, இருட்டுக்குள் நேராகப் போயிற்று.

அந்தத் தடத்தில் அவள் நடந்தாள். வேறு இடம் இல்லை. லிஃப்ட் கூண்டு வந்தது. வளைவு. தோளை மடக்கித் திரும்பினாள்.

கடைக்கோடியில் அவன் உட்கார்ந்திருந்தான். முதுகு இரும்புத் தகட்டில், முழங்கால் மடங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து. வேலைச் சட்டையின் மார்பில் முப்பத்தொன்று. சட்டைக்குள் உடம்பு என்று சொல்ல அதிகம் மீதமில்லை, காய்ந்து சுருங்கியிருந்தது. புருவம் இருந்த இடத்தில் மஞ்சள் தூள். பக்கத்துச் சுவரில் ஒரு தட்டு அளவுக்குப் பஞ்சைப் பிய்த்து எறிந்திருந்தான். தன் வேலையைத் தானே பிய்த்திருந்தான். உள்ளே பலகை தெரிந்தது, பலகையில் டார்ச்சின் அடிப்பக்கத்தால் குத்திய குழிகள், நூற்றுக்கணக்கில். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கமும் பஞ்சு இருக்கிறது. அதையும் அவன்தான் முந்தின வாரம் திணித்திருந்தான்.

"ஏங்க" என்றாள்.

மடங்கி உட்கார்ந்தாள். மார்புக்குள் எதுவோ மெதுவாகத் தளர்ந்தது. 'கிடைச்சுட்டார் அத்தை.' அப்படித்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், அத்தையின் முகம் கண்முன் வந்தது, கண்ணில் ஏதோ சுட்டது. தண்ணீர். பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

அப்போது பின்னால் யாரோ நடந்து வந்தார்கள்.

துளைப் பக்கமிருந்து. சட்டை பஞ்சில் உரசும் ஓசை. சர்ர், சர்ர். அவசரமில்லாமல்.

"மேஸ்திரியா?"

நடை வளைவு வரைக்கும் வந்தது. நின்றது.

டார்ச்சைத் திருப்பினாள். யாரும் இல்லை. வளைவில், தேய்ந்த தடத்தின் ஓரத்தில், உதிர்ந்து கிடந்த தூள் மட்டும் ஒரு பாதத்தின் கனத்துக்கு மெல்ல அமுங்கியது. எழவில்லை.

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் இங்கேதான் இருந்தான். உட்கார்ந்தபடியே.

அந்த நேரத்தில்தான் துளை வழியாகக் குரல்கள் வந்தன. வெகு தூரத்தில், தண்ணீருக்கு மேலே பேசுவதுபோல.

"அட, டோக்கன் தொங்குது பாருங்க. தராசக்காவோடது."

தரகரின் குரல். "உள்ள இருக்காங்களா?"

"சேச்சே. கையெழுத்துப் போட்டாச்சே. எழுதி முடிச்சிட்டு மறந்துட்டுப் போயிருக்கும். போனைக்கூடப் பெட்டியிலயே விட்டுட்டுப் போயிருக்கு. ஊருக்கெல்லாம் சட்டம் பேசும், தன் டோக்கனை மறந்துடும்!" சிரிப்பு. "இன்னொண்ணு ஏதோ பழசு. முப்பத்தொண்ணு. இப்படி ஒரு நம்பரே இப்ப நம்மகிட்ட இல்லையே."

"எடுத்துட்டு மூடுங்க சீக்கிரம்."

பித்தளை கொக்கியிலிருந்து கழன்றது. டிங். இன்னொரு டிங்.

"மேஸ்திரி! உள்ள இருக்கேன்! மேஸ்திரி!"

கத்தினாள். கத்தல் வாயை விட்டு ஒரு முழம்கூடப் போகவில்லை, பஞ்சு குடித்துவிட்டது. ஓட வேண்டும். எட்டு எட்டு வைத்தால் துளை. ஆனால் வளைவில் அது நின்றது. அரை மீட்டர் அகலம். அதைத் தாண்டாமல் போக முடியாது. அதற்குள் நுழையாமல் போக முடியாது.

கால் எழவில்லை.

டிரில் ஒலித்தது. ஒரு திருகு. இரண்டு.

"நகருங்க" என்றாள், கிசுகிசுப்பாக. "ஏங்க. தயவுசெஞ்சு."

மூன்று. நான்கு. ஐந்து.

தூள் அமுங்கியே இருந்தது.

ஆறு. ஏழு. வளைவின் விளிம்பில் தெரிந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போயிற்று.

எட்டு.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் நல்ல வேலைக்காரன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் தரை லேசாக அசைந்தது. கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள், தண்ணீர் ஏறிவிட்டது. டார்ச் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. அழுகை நின்றிருந்தது. பயம்கூட எங்கோ ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பழகிய மரத்த நிலை திரும்பி வந்தது, வீட்டுக்குத் திரும்புவதுபோல.

சாயங்காலம் அத்தை கதவைத் திறப்பார். மறுபடி திறப்பார். ஒரு தட்டை எடுத்து வைப்பார். மருமகளும் கப்பல் ஏறிப் போய்விட்டாள் என்று நாளைக்கு யாராவது வந்து சொல்வார்கள்.

சர்ர்.

வளைவைத் தாண்டிவிட்டது.

சர்ர்.

முழங்கால் பக்கத்தில் நின்றது. முகத்தில் பஞ்சுத் தூள் உதிர்ந்தது, அரித்தது. காத்திருந்தது. பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தது. கடைசி வரைக்கும் போய் நின்றது. ஐம்பது விநாடி. அவளுக்காகத்தான் காத்திருக்கிறது என்று தெரிந்தது.

அவள் எழுந்தாள். ஒருக்களித்து நின்றாள். தடம் காலுக்கடியில் வழவழவென்று இருந்தது. நடந்தாள். வளைவில் தோளை மடக்கினாள். அந்த முனைக்குப் போனாள். திரும்பினாள். அதுவும் கூடவே திரும்பியது.

படிக்கட்டுக்கு அடியில் கம்பியை இன்னும் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். முக்காலி அப்படியே கிடக்கும். இந்நேரம் குண்டு எண்ணெய்க்குள் மெதுவாக ஊர்ந்து, ஐந்தரை மில்லி போய் நின்றிருக்கும். படிக்க ஆள் இல்லை.